மச்சான் விட்டுச்சென்ற வண்டி

மதுரையிலிருந்து தெற்கே திருமங்கலம் செல்லும் நெடுஞ்சாலையில் கப்பலூர் என்றோர் ஊர் இருக்கிறது. பெயரில் கப்பல் இருந்தாலும் கடலுக்கும் அதற்கும் நெடுந்தொலைவு. 1936ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தியாகராசர் ஆலை, சிட்கோ தொழிற்பேட்டை, எப்போதும் செய்தித்தாள்களில் அடிபடும் சுங்கச்சாவடி ஆகியவையே இன்று அவ்வூரின் அடையாளங்கள். சித்திரை, வைகாசி மாதங்களில் அந்தச் சமவெளியில் வீசும் காற்று, அடுப்பின் வாயைத் திறந்தாற்போல் முகத்தில் அறையும். நிழல் வேண்டுமென்றால் கருவேல மரத்தடிதான். அந்நிழலும் பாதி வெயில்தான்.

நம் அக்காளின் வீடு அங்கேதான் இருக்கிறது. மச்சான் தொழிற்பேட்டையின் எல்லையை ஒட்டி ஒரு சிறிய லேத் பட்டறை வைத்திருந்தார். மூன்றாண்டுகளுக்கு முன் அவர் வஃபாத்தானபோது விட்டுச்சென்றவை மூன்று: அந்தப் பட்டறை, ஒரு கடன், ஒரு கார். பட்டறையை வாடகைக்கு விடலாம். கடனையும் காரையும் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

ஜனாஸா தொழுகைக்குமுன் மருமகன் முன்னே நின்று, "எங்கள் அத்தா யாருக்கேனும் கொடுக்க வேண்டியிருந்தால் எங்களிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்" என்று வழக்கம்போல் அறிவித்தான். எவரும் வாய் திறக்கவில்லை. பல மாதங்கள் கழித்து, மச்சானின் கணக்குக் குறிப்பேட்டில் ஒரு வரி கண்ணில் பட்டது. இரண்டாவது லேத் இயந்திரம் வாங்குவதற்காக, பக்கத்து வார்ப்படப் பட்டறைக்காரரிடம் 1,80,000 ரூபாய் வாங்கியதாக அவர் கையாலேயே எழுதியிருந்தார். பத்திரமோ சாட்சியோ கிடையாது. கடன் கொடுத்தவரும் ஜனாஸாவில் நம் தோளோடு தோள் நின்றவர்தாம். விதவையிடம் வாய் திறந்து கேட்க மனம் வராமல் இருந்துவிட்டார். அன்றிலிருந்து அக்காளுக்கு உறக்கம் போயிற்று. இறந்தவர் கடன் தீராமல் பாகப்பிரிவினை இல்லை என்பதை நம் வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. லேத் இயந்திரங்களை விற்றால் பட்டறைக்கு வாடகை வராது. ஆகவே எல்லோர் பார்வையும் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் கிடந்த வண்டியின் பக்கம் திரும்பிற்று.

அது 1965ஆம் ஆண்டின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அந்தப் பெயரைக் கேட்டதும் வயதில் மூத்த வாசகர்களின் முகத்தில் ஒரு புன்னகை அரும்பும். நம் நாட்டுச் சாலைகளில் அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்னும் மூன்று குடும்பங்களே ஆட்சி செய்த காலம் ஒன்றிருந்தது. முதலாவது கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவிலும், இரண்டாவது பம்பாயிலும் உருவாயின. மூன்றாவது நம்முடையது. 1948இல் தோன்றிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம், சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் இருந்த ஆலையில் அவற்றைச் செய்தது. இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டு, 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் இங்கே ஓடத் தொடங்கியது. அதன் உருவை வரைந்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து ஜியோவானி மிக்கெலோட்டி. 948 கன சென்டிமீட்டர் எஞ்சின், தனிச் சேஸி, முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாக முன்னோக்கிச் சாயும் பானட். அதைத் திறந்துவிட்டால் முன்சக்கரத்தின் டயர்மீது உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். மெக்கானிக்குகளுக்கு இப்படியொரு வசதியை வேறெந்தக் காரும் கொடுத்ததில்லை என்பது நம் கருத்து.

இதே சேஸியைக் குறுக்கி, இதே எஞ்சின் குடும்பத்தைக் கொஞ்சம் பெருக்கி, அதே மிக்கெலோட்டி வரைந்து, 1962இல் வெளிவந்ததுதான் ஸ்பிட்ஃபயர் என்னும் பந்தயச் சாயல் கொண்ட இருவர் கார். அது நம் நாட்டில் செய்யப்படவில்லை. இறக்குமதிக்கும் வழியில்லாத காலம். ஆகவே வேக ஆசை பிடித்த சென்னை இளைஞர்கள் ஹெரால்டையே ஸ்பிட்ஃபயராக்க முயன்றார்கள். அதற்கு அவ்வண்டியும் இடங்கொடுத்தது. அதன் கூரை போல்ட்டுகளால் மட்டுமே பிணைக்கப்பட்டது, கழற்றினால் கையோடு வந்துவிடும். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போரின்போது அமைந்த விமான ஓடுதளத்தில், சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தார் நடத்திய பந்தயங்களில் இப்படி மாற்றியமைத்த ஹெரால்டுகள் பல ஓடின. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத்தளம் திறக்கப்பட்டபின் சோழவரம் ஓய்ந்தது.

மச்சானின் வண்டி சோழவரத்தில் ஓடியது என்று அதை விற்ற சென்னைக்காரர் சொன்னாராம். ஓடியதோ இல்லையோ, ஓட வேண்டும் என்று யாரோ ஆசைப்பட்டிருக்கிறார் என்பதற்கு வண்டியிலேயே சான்றுகள் இருந்தன. கூரை இல்லை, கித்தான் மடிப்புக் கூரைதான். பழைய கூரை எப்படியோ வண்டியுடனேயே வந்து, அக்காள் வீட்டு ஆட்டுக்கொட்டிலுக்கு மேற்கூரையாகப் பணிபுரிந்து வந்தது. சிலிண்டர் ஹெட்டின் அடிமுகத்தைச் செதுக்கி, அழுத்த விகிதத்தைக் கூட்டியிருந்தார்கள். நாற்பது வயதில் மச்சான் அதை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியபோது, அக்காள் முதலில் கேட்ட கேள்வி, "மழை வந்தால் என்ன செய்வது?" என்பதாம். கப்பலூரில் மழை பற்றிய கவலை வீண். வண்டியின் வியாதி வேறு. அது கொதித்தது.

முப்பதாண்டுகளாகக் கொதித்தது. திருமங்கலம் தாண்டி இருபது நிமிடம் ஓடினால் முள் சிவப்பைத் தொடும்; இன்னும் ஐந்து நிமிடத்தில் ரேடியேட்டர் மூடியருகே சீறல் கேட்கும். மச்சானின் வலது முன்கையில் ஒரு வெந்த தழும்பு கடைசிவரை இருந்தது. சூட்டோடு சூடாக மூடியைத் திறந்தவர்களின் முத்திரை அது. அழுத்தத்தில் இருக்கும் நீர் 100 டிகிரிக்கு மேலும் நீராகவே இருக்கும். மூடி திறந்து அழுத்தம் விடுபட்ட அந்தக் கணமே, அதில் ஒரு பகுதி ஆவியாகிப் பாயும். இதை எத்தனை முறை எழுதினாலும் தகும். அரை மணி நேரம் பொறுத்துத் திறப்பவன் கோழையல்லன்.

கோவையிலிருந்து ஒருவர் வண்டியைப் பார்க்க வந்தார். மோட்டார்ப் பந்தயத்தில் கோவைக்குத் தனிப் பெருமை உண்டு. மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளைக் கட்டிய கரிவரதன் அவ்வூர்க்காரர். 1995இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். செட்டிப்பாளையத்துப் பந்தயத்தளம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. வந்தவர் அந்தக் காற்றைச் சுவாசித்தவர் என்பது, பானட்டைத் திறந்து முதலில் ரேடியேட்டரை மோந்து பார்த்ததிலேயே தெரிந்தது. 50 ஆண்டு கடந்த வாகனங்களைப் பழம்பெரும் வாகனமாகப் பதிந்துகொள்ள 2021ஆம் ஆண்டின் மைய அரசு விதிகள் வகை செய்கின்றன. ஆனால் வண்டி தன் மூல வடிவில் இருந்தாக வேண்டும். ஆட்டுக்கொட்டிலின் மேலிருந்த கூரையைக் கண்டபோது அவர் கண்கள் பளிச்சிட்டதன் காரணம் அதுவே. "விருதுநகர் போய்த் திரும்பட்டும். வழியில் கொதிக்காமல் வந்தால் 2,40,000. கொதித்தால் நமக்கு வேண்டாம்" என்று சொல்லிச் சென்றார். இரும்புக்கடைக்காரர் சொன்ன விலை 28,000. இரண்டு விலைகளுக்கும் இடையே இருந்தது வெறும் சூடுதான்.

ஊரார் யோசனைகளுக்குக் குறைவில்லை. தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிந்துவிடச் சொன்னார் ஒருவர். சிறிய வேன் ஒன்றின் ரேடியேட்டரைப் பொருத்தச் சொன்னார் இன்னொருவர். மின்விசிறி வைத்தால் தீரும் என்றான் மருமகன், பொறியியல் படிக்கிறான். இங்கிலாந்தில் இத்தகைய வண்டிகள் சூடேறினால், ஓட்டுநர் உட்புறத்துச் சூடேற்றியை முழுதாகத் திறந்துவிட்டு அதையே இரண்டாவது ரேடியேட்டராகப் பயன்படுத்துவார்களாம். வைகாசி வெயிலில் கப்பலூரில் அந்த வைத்தியத்தை எண்ணிப் பார்த்து எல்லோரும் சிரித்தோம்.

திருமங்கலத்தில் ஓய்வாக இருந்த முதிய மேஸ்திரி ஒருவரை அழைத்து வந்தோம். எழுபத்தைந்து வயது. பஸ் கம்பெனியில் கிளீனராகத் தொடங்கியவர். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலை ஏறும்போது, ஊற்றுநீர் கண்ட இடமெல்லாம் இறங்கி ரேடியேட்டருக்கு வார்த்தவர். அவர் சாவியைக் கையில் எடுக்கவில்லை. ஸ்டூலைப் போட்டு அமர்ந்து, "எப்போ ஏறுது, அதைச் சொல்லுங்க பாய்" என்றார்.

இக்கேள்வியின் அருமை பிறகுதான் நமக்கு விளங்கிற்று. பெட்ரோல் எரிந்து தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குக்கும் குறைவாகவே சக்கரத்தைச் சுழற்றுகிறது. ஏறக்குறைய மற்றொரு பங்கு புகைக்குழாய் வழியே போகிறது. மீதியை நீர் சுமந்துகொண்டு ரேடியேட்டருக்கு வர, காற்று அதை வாங்கிக்கொள்ள வேண்டும். வண்டி நின்றோ ஊர்ந்தோ செல்லும்போது மட்டும் சூடேறினால், குற்றம் காற்றில். விசிறியையும் பெல்ட்டையும் பார்க்க வேண்டும். வேகமாக ஓடும்போது சூடேறினால், குற்றம் பெரும்பாலும் நீரோட்டத்தில். அடைப்பைத் தேட வேண்டும். மேட்டில் மட்டும் சூடேறினால் தீப்பொறியின் நேரத்தையும் பெட்ரோல் கலவையையும் சந்தேகிக்க வேண்டும். மூன்று நிலையிலும் சூடேறினால், ஒன்றுக்கு மேற்பட்ட நோய் இருக்கிறது. நம் வண்டி மூன்றாவதையும் தாண்டிய நான்காம் இனம். அது வீட்டு வாசலில் நின்றுகொண்டே சூடேறும்.

"முதல்ல இந்த முள்ளு உண்மையைச் சொல்லுதான்னு பார்ப்போம்" என்றார். உணர்கருவியைக் கழற்றி, ஒயரோடும் எர்த்தோடும் ஒரு வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து, பக்கத்தில் வெப்பமானியையும் வைத்தார். நீர் 85 டிகிரியில் இருக்கும்போதே முள் சிவப்பை எட்டிவிட்டது. அக்காலத்து ஆங்கிலேயக் கார்கள் பலவற்றில், அளவிகளுக்குச் செல்லும் மின்சாரத்தைச் சுமார் 10 வோல்ட்டில் நிறுத்தும் சிறு டப்பா ஒன்று டாஷ்போர்டுக்குப் பின்னே இருக்கும். அதன் எர்த் இணைப்பு துருவேறினால் வெப்பமானியும் பெட்ரோல் அளவியும் சேர்ந்தே மிகைபடப் பேசத் தொடங்கும். மச்சானின் பெட்ரோல் முள் எப்போதும் நிறைவாகவே காட்டிவந்ததை அக்காள் அப்போது நினைவுகூர்ந்தார். டப்பாவை மாற்றியதும் முள் ஓரளவு அடங்கிற்று. முள்தான் அடங்கியதே தவிர, நீர் அடங்கவில்லை.

அடுத்து மூடியைத் திறந்து வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, மேல் தொட்டியில் குமிழிகள் வருகின்றனவா என்று பார்த்தார். வரவில்லை. எண்ணெய்க் குச்சியில் பால்நிறப் படிவமும் இல்லை. கேஸ்கெட்டும் செதுக்கிய ஹெட்டும் நல்ல நிலையில் இருப்பதை அறிந்ததும் அவர் முகம் தெளிந்தது. அவற்றில் கோளாறு என்றிருந்தால், நாம் இரும்புக்கடைக்காரரைத்தான் தேடிப் போயிருப்போம்.

ரேடியேட்டரைக் கழற்றினோம். அதன் முகத்தில் செதில்களுக்கிடையே அடைத்துக்கொண்டிருந்தது என்ன தெரியுமா? சோளத் தட்டையின் தூசு. நம் பக்கத்துக் கிராமச் சாலைகளில், அறுவடைக் காலத்தில் சோளக்கதிரையும் உளுந்தஞ் செடியையும் பரப்பிவைத்து, ஓடும் வண்டிச்சக்கரங்களையே தாம்படிக்கும் மாடுகளாக்கிக் கொள்வார்கள். அதன்மேல் ஓடிய ஒவ்வொரு முறையும் வண்டி தன் பங்குக்குக் கொஞ்சம் உமியை உள்ளிழுத்துக்கொண்டது. பின்னிருந்து முன்னாக நீரைப் பீய்ச்சியபோது, தொட்டித் தண்ணீரே பழுப்பாக மாறிற்று.

உட்புறம் அதைவிட மோசம். தல்லாகுளத்துப் பக்கம் ரேடியேட்டர் பட்டறை வைத்திருக்கும் ஒரு கைவினைஞரிடம் கொண்டுபோனோம். ஈயப்பற்றை உருக்கி மேல்தொட்டியைப் பிரித்தார். வரிசையாக நின்ற செம்புக்குழாய்களில் ஏறக்குறைய பாதிக்கு வாயே இல்லை. கப்பலூர் ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புநீர் முப்பதாண்டுகளில் படியவைத்த சுண்ணாம்பு ஒருபுறம். சில குழாய்களில் மஞ்சள் நிறத்தில் கட்டியாக ஒன்று. அது மஞ்சளேதான். ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள்பொடியை அள்ளிப் போட்டு அடைக்கும் வழக்கம் லாரி ஓட்டுநர்களிடையே உண்டு. யாரோ ஒருவர் என்றோ செய்த அவசர வைத்தியம். ஒழுகலை அடைக்கும் பொருளுக்கு, இது ஓட்டை, இது வழி என்று பகுத்தறியத் தெரியாது. மெல்லிய எஃகுத் தகட்டை ஒவ்வொரு குழாயிலும் செலுத்தி, பல்லிடுக்கைக் குத்துவதுபோல் ஒரு பகல் முழுவதும் குத்தி எடுத்தார். கூலி கேட்கத் தயங்கியவரிடம் வற்புறுத்திக் கொடுத்தோம். இன்று வரும் கார்களின் ரேடியேட்டர்கள் அலுமினியமும் பிளாஸ்டிக்கும். அடைத்தால் மாற்றுவார்கள், பிரிக்க மாட்டார்கள். அந்தப் பட்டறையில் அவருக்குப் பின் தொழிலேற்க ஆளில்லை.

எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் இருந்த வடிகால் திருகைக் கழற்றினோம். சொட்டு நீர் வரவில்லை. மேஸ்திரி ஒரு கம்பியை வளைத்து உள்ளே குத்தவே, துருச்சேறு முதலில் கெட்டியாகவும் பிறகு குழம்பாகவும் வழிந்தது. கடைசிச் சிலிண்டரைச் சுற்றிய நீர்ப்பாதை பாதி சேற்றில் புதைந்திருந்தது. இரண்டு நாள் பீய்ச்சிக் கழுவினோம். தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லை. முன்பே யாரோ பிடுங்கியிருந்தார்கள். மூடிய நிலையில் இறுகிப்போன தெர்மோஸ்டாட் வண்டியைக் கொதிக்கவைக்கும் என்பது மெய். அதற்குத் தீர்வு நல்லதொன்றைப் பொருத்துவதே. அது இல்லாத எஞ்சின், காலையில் தன் உரிய சூட்டை எட்ட நெடுநேரமாகும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவித் தேய்மானத்தை வளர்க்கும். புதிதாக வாங்கியதை வெந்நீரில் தொங்கவிட்டு, 82 டிகிரியில் வாய்திறப்பதைக் கண்ணால் கண்டபின்பே பொருத்தினார்.

பிறகு தீப்பொறிக்கு வந்தோம். இங்கேதான் மேஸ்திரியின் மூளை நமக்கு வியப்பளித்தது. ஹெட்டைச் செதுக்கி அழுத்தத்தைக் கூட்டியிருக்கிறார்கள். அக்காலத்துப் பெட்ரோலின் ஆக்டேன் தரம் குறைவு. கூடிய அழுத்தத்தில் எஞ்சின் தட்டியிருக்கும். தட்டலை நிறுத்தத் தீப்பொறியின் நேரத்தைப் பிந்தவைத்திருக்கிறார்கள். பிந்திப் பற்றும் தீ, பிஸ்டனைத் தள்ளி முடித்த பின்னும் எரிந்துகொண்டே வெளியேறும். அந்த வெப்பம் ஹெட்டையும் புகைவழியையும் காய்ச்சும். இப்போது சாதாரண பெட்ரோலே 91 ஆக்டேன் தரத்துக்குக் குறையாமல் வருகிறது. ஆகவே நேரத்தை முன்னே கொண்டுவரலாம் என்றார். டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் இருந்த வட்ட டப்பியின் குழாயை வாயில் வைத்து உறிஞ்சிப் பார்த்தார். காற்று தாராளமாக வந்தது. உள்ளிருந்த ரப்பர் சவ்வு கிழிந்திருந்தது. நிதானமாக ஓடும்போது நேரத்தை முன்தள்ள வேண்டிய உறுப்பு அதுவே. மதுரையின் பழைய சாமான் கடைகளில் நான்கு நாள் அலைந்து ஒன்றைப் பிடித்தோம்.

பெட்ரோலின் இன்னொரு முகமும் உண்டு. 2025ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டிவிட்டது. எத்தனால் தன்னுள்ளேயே ஆக்சிஜனைச் சுமந்து வருவதால், பழைய கார்புரேட்டரின் ஜெட் அளந்து விடும் பெட்ரோல் அதற்குப் போதாமல் கலவை மெலிந்துவிடும். கணினி வைத்த புதிய கார்கள் தாமே திருத்திக்கொள்ளும். 1965ஆம் ஆண்டு வண்டிக்கு அந்த அறிவில்லை. மெலிந்த கலவையும் எஞ்சினைச் சூடேற்றும். ஜெட்டை ஓரளவு பெரிதாக்கினோம். ஸ்பார்க் பிளக்கின் நுனி வெண்சாம்பல் நிறத்திலிருந்து பிஸ்கட் நிறத்துக்கு வந்தது. கரும்பும் மக்காச்சோளமும் விளைவிக்கும் உழவனுக்கு எத்தனால் நன்மை தருவதாயின் நாம் அதைப் பழிக்கப் போவதில்லை. பழைய வண்டிக்காரர்கள் ஜெட்டைக் கவனிக்க வேண்டும், அவ்வளவே.

இத்தனையும் செய்து எஞ்சினை ஓடவிட்டோம். நெடுஞ்சாலையில் அடங்கியது, வாசலில் நின்றால் இன்னும் ஏறியது. மேஸ்திரி சிறிது நேரம் வண்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அட்டை எங்கே?" என்றார். இக்குடும்பத்து வண்டிகளில், முன்புறத்துக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே பக்கங்களை அடைத்துத் தடித்த அட்டைகள் இருக்கும். உள்ளே வரும் காற்று ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு ஓடாமல், அதனூடே புகும்படி செய்பவை அவை. வெறும் அட்டைதானே என்று எவரோ எறிந்திருக்கிறார்கள். வடக்கு மாசி வீதியில் புத்தகம் கட்டுவோர் பயன்படுத்தும் தடித்த அட்டை வாங்கிவந்து, வார்னிஷ் பூசி, மருமகன் அளந்து வெட்டினான். நாற்பது ரூபாய் அட்டை, நின்ற இடத்துச் சூட்டில் ஏழெட்டு டிகிரியைக் குறைத்தது. மின்விசிறி யோசனையை மேஸ்திரி ஏற்கவில்லை. வண்டி நிற்கும்போது அந்தப் பழைய டைனமோ தரும் மின்சாரம் விளக்குக்கே போதாது, விசிறிக்கு எங்கே போவது என்று கேட்டார்.

மூடியையும் மாற்றினோம். சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி, நீரின் கொதிநிலையைச் சுமார் 111 டிகிரிக்கு உயர்த்திவிடும். இவ்வளவு சிறிய பொருளுக்கு இத்துணை ஆற்றல். மதுரையில் 1911இல் தொடங்கிய டி.வி.எஸ். குடும்பத்தின் சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ், 1990களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்சுக்கே ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பியது என்பதை இவ்விடத்தில் நினைத்துக்கொண்டோம். உள்ளே வார்க்க ஆழ்குழாய் நீர் கூடாதென்று மேஸ்திரி கண்டிப்பாகச் சொன்னார். காய்ச்சி வடித்த நீரில் மூன்றிலொரு பங்கு கூலண்ட் கலந்தோம். நம் ஊரில் நீர் உறையப் போவதில்லை. துருவைத் தடுப்பதற்கே அது. தூய நீர் கூலண்டைவிட அதிக வெப்பத்தைச் சுமக்கும். ஆகவே பாதிக்குப் பாதி ஊற்றுவது இங்கே வீண்செலவு.

சுங்கச்சாவடி வரிசையைப் போல் கால்மணி நேரம் ஓடிக்கொண்டே நிற்க நேர்ந்தால், முள் அப்போதும் 100 டிகிரியை நெருங்கத்தான் செய்தது. செதுக்கிய ஹெட்டின் குணம் அது. அதை மாற்றப் புது ஹெட் வேண்டும். கோவைக்காரர் வருவதற்கு முந்தைய இரவு மருமகன் ஒரு யோசனை சொன்னான். "மாமு, உணர்கருவி ஒயரில் ஒரு சிறிய ரெசிஸ்டர் போட்டுவிட்டால் முள் நடுவைத் தாண்டாது. வண்டி கொதிக்கப் போவதில்லை. எண்ணை மட்டும் அழகாகக் காட்டும். பொய்யென்று எப்படிச் சொல்ல முடியும்?" நாம் பதில் சொல்லுமுன் அக்காள் அடுக்களையிலிருந்து வெளியே வந்தார். மேலே காய்ந்தும் அடியில் நனைந்தும் இருந்த தானியக் குவியலைப் பற்றிய ஹதீஸை அவனுக்குச் சிறுவயதில் சொல்லிக்கொடுத்தவர் அவரே. அதை மறுபடி சொல்லவில்லை. "உங்க அத்தா கடனைத் தீர்க்கத்தானே விக்கிறோம். அதுக்கு இன்னொரு கடனா?" என்று மட்டும் கேட்டார். அவன் தலைகுனிந்து ரெசிஸ்டரைப் பையிலேயே வைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, வேண்டுமென்றே வெயிலேறிய பின், கோவைக்காரர் ஓட்ட நாம் அருகில் அமர்ந்து புறப்பட்டோம். வெப்பம் 39 டிகிரி. திருமங்கலம், கள்ளிக்குடி கடந்து விருதுநகர் எல்லைவரை முள் 84க்கும் 88க்கும் இடையே நின்றது. திரும்பும் வழியில் ஒரு லாரி குறுக்கே நின்று பத்து நிமிடம் வரிசையில் சிக்கினோம். முள் 97ஐத் தொட்டது. அவர் நம்மைப் பார்த்தார். ஹெட்டைச் செதுக்கிய கதை, இன்னும் ஐந்து நிமிடம் நின்றால் 100, நகரத் தொடங்கினால் மூன்று நிமிடத்தில் இறங்கும் என்பது அனைத்தையும் சொன்னோம். அவர் எதுவும் பேசவில்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, பானட்டைத் திறந்து, அட்டையைத் தட்டிப் பார்த்தார். "ஹெட்டுக்கு 12,000 கழிச்சுக்கிறேன்" என்றார். அக்காள் சம்மதித்தார். செப்பனிட்ட செலவை நாம் அக்காளுக்கு அன்பளிப்பாகக் கருதிக்கொண்டோம்; சொத்துக் கணக்கில் சேர்க்கவில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலையில் ஆட்டுக்கொட்டிலின் கூரை இறங்கி லாரியில் ஏறியது. வண்டியைத் தாமே ஓட்டிச்செல்வதாகச் சொன்ன கோவைக்காரர், வெயிலுக்குமுன் திண்டுக்கல்லைக் கடந்துவிடக் கிளம்பினார். பின்னிருக்கையில் இரண்டு கேன் நீர். மேஸ்திரி தம் கைப்பட எழுதிய குறிப்பொன்றையும் கொடுத்தார். தீப்பொறி நேரம், ஜெட் அளவு, தெர்மோஸ்டாட் எண் எல்லாம் அதில் இருந்தன.

அன்று அஸர் தொழுகைக்குப்பின் 1,80,000 ரூபாயை வார்ப்படப் பட்டறைக்காரரிடம் மருமகன் கொடுத்தான். அவர் எண்ணாமல் வாங்கிக்கொண்டார்; எண்ணித்தான் வாங்க வேண்டும் என்று அக்காள் சொல்லியனுப்பியிருந்ததால், பிறகு உட்கார்ந்து எண்ணினார். மீதி 48,000. எட்டில் ஒரு பங்கு அக்காளுக்கு 6,000, மருமகனுக்கு 21,000, பெண்மக்கள் இருவருக்கும் தலைக்கு 10,500. தம் பங்கில் அக்காள், வாடகைக்குப் போகும் பட்டறையின் ஓட்டையான தகரக் கூரையை மாற்றச் சொன்னார். ஆடுகளுக்கு இப்போது தென்னங்கீற்றுப் பந்தல்.